சடையன் தந்த பாலாடை

குருக்கத்திப்பட்டிக்கு மேற்கே ஒரு குன்று. குன்றில் ஒரு குடிசை. குடிசையில் ஓர் அம்மை இருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு சீடர். பெயர் தாணு.

குருவை விடச் சீடருக்கு வயது கூடுதல், ஒரு தலைமுறை அளவுக்கு. அவள் அவரைப் "பெரியவரே" என்று கூப்பிடுவாள். அவர் அவளை "அம்மை" என்பார். அவர்கள் இருவருக்கும் இதில் ஒரு சிரமமும் இல்லை. ஊருக்குத்தான் கொஞ்சம் இருந்தது.

தாணு குன்றிலேயே தங்குகிறவர் அல்ல. விடிந்ததும் ஏறி வருவார். அம்மை பாத்தி கட்டினால் கூடக் கட்டுவார். சுள்ளி பொறுக்கினால் கூடப் பொறுக்குவார். இடையில் ஒரு கேள்வி கேட்பார். பதில் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, வெயில் உறைக்குமுன் இறங்கிவிடுவார். கீழே அவருக்கு ஒரு வேலை காத்திருக்கும். அந்த ஊரில் அவரைத் தவிர வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது.

குருக்கத்திப்பட்டி வெண்கலம் வார்க்கிற ஊர். உருளியும் கும்பாவும் குத்துவிளக்கும் வார்ப்பார்கள். ஆனால் ஊர் பெயர் எடுத்தது கைப்பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடையால். வேறு ஊர்ப் பாலாடையில் பால் மடமடவென்று இறங்கும். தெம்புள்ள பிள்ளை அதைச் சமாளித்துக்கொள்ளும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு முலையைப் பற்றி இழுக்கவும் தெரியாது, வாய்க்குள் மொத்தமாக விழுகிற பாலை விழுங்கவும் தெரியாது. குருக்கத்திப்பட்டிப் பாலாடையின் மூக்குக்குள் மெல்லிய நாக்கு ஒன்று உண்டு. பால் அதன்மேல் ஊர்ந்து வந்து, நுனியில் நின்று, ஒரு சொட்டாகத் திரண்டு விழும். அந்தச் சொட்டை விழுங்கப் பிள்ளைக்கு நேரம் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த சொட்டு வரும்.

இதைக் கண்டுபிடித்தவன் சடையன் என்று ஊர் சொல்லும். சடையன் வழியில் வந்த மூத்தவர் தாணு. வார்த்த பாலாடை பட்டறையை விட்டு வெளியே போகுமுன் அவர் கைக்கு வர வேண்டும். அவர் அதை நெற்றிக்கு நேரே தூக்கி, "சடையன் தந்தது, குடி" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார். பெயர் சொல்லாத பாலாடையில் ஊற்றினால் பிள்ளைக்குப் புரையேறும் என்பது ஊரின் நம்பிக்கை. யாரும் ஊற்றிப் பார்த்ததில்லை.

ஒரு நாள் காலை தாணு ஏறி வந்தார். வெயில் உறைத்தது. அவர் இறங்கவில்லை.

அம்மை முருங்கைக்கீரையை ஒரு முறத்தில் கொட்டி உருவிக்கொண்டிருந்தாள். தாணு எதிரில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்தார். இலையைத் தரையில் போட்டுக் காம்பை முறத்தில் போட்டார். அம்மை அதைப் பார்த்துவிட்டு முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பிறகு அவராகவே சொன்னார். ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வயதான வேளார் ஒருவர் அவர் வீட்டுக்கு வந்திருந்தாராம். பானை வனைகிற குடும்பம். ஒரு துணி முடிச்சை அவிழ்த்து உள்ளேயிருந்து மண் பாலாடை ஒன்றை எடுத்து வைத்தாராம். சுட்ட மண். அதற்குள்ளும் நாக்கு. இதைச் செய்தவன் தன் முன்னோன் மயிலன் என்றும், மயிலன் சடையனுக்கு மைத்துனன் என்றும், மண்ணில் இருந்ததைப் பார்த்து வெண்கலத்தில் வார்த்துச் சடையன் தன் பெயரைப் போட்டுக்கொண்டான் என்றும் வேளார் சொன்னாராம். மயிலன் நியாயம் கேட்டு வந்தபோது சடையன் நாயை அவிழ்த்து விட்டானாம்.

"நான் நம்பலை அம்மை. உள்ளே போய் எங்க பெரிய அத்தைகிட்டக் கேட்டேன். இப்படி ஒருத்தர் வந்து நாய்க் கதை சொல்றாரேன்னு."

"அத்தை என்ன சொன்னாங்க?"

"நாயோட பேரைச் சொன்னாங்க."

அம்மை உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அத்தை அதோடு நிறுத்தவில்லை. வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான், ஆண்களுக்குத்தான் சொல்வதில்லை என்று ஆரம்பித்து வரிசையாக எடுத்து விட்டாளாம். சடையன் கள்ளைக் குடித்துவிட்டு வாய்க்காலில் கிடப்பான். தராசில் கையை வைத்து அழுத்துவான். அம்மன் கோயில் விளக்கு ஒரு நாள் காணாமல் போய், மறுநாள் அவன் உலையில் புது உருளியாக வந்தது. பெண்டாட்டி உலகியோடு சண்டை போட்டால் மாதக்கணக்கில் பேச மாட்டான். ஆனால் சோற்றுக்கு மட்டும் சரியான நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவான்.

"மீசை கறுப்பா இருந்த நாள்ல இருந்து அவன் பேரைச் சொல்லிட்டு வர்றேன். எத்தனை பிள்ளைங்க காதுல பொய்யை ஊத்தியிருக்கேன். இனி என் வாய் அந்தப் பேரைச் சொல்லாது."

"மயிலன் பேரைச் சொல்லுங்களேன்."

"அதுக்கும் வாய் வரலை. மயிலன் செஞ்ச மண் பாலாடையோட விளிம்பு பிள்ளை உதட்டைக் கிழிச்சிருக்கு. உருண்ட விளிம்பு வச்சது சடையன். இதையும் அந்த வேளாரேதான் சொன்னாரு. யோக்கியமான மனுஷன். பொய் சொல்லியிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்."

அவர் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்மையில யார் கண்டுபிடிச்சது, அம்மை? நீங்க தீர்த்துச் சொல்லுங்க. எந்தப் பேரோ, அந்தப் பேரை நான் சொல்றேன்."

"ரசத்தை யார் கண்டுபிடிச்சது, பெரியவரே?"

"தெரியாது."

"நல்லவேளை. தெரிஞ்சிருந்தா இன்னைக்கு நமக்குச் சாப்பாடு கிடையாது."

தாணு சிரிக்கவில்லை. அன்று அவர் ரசமும் சாப்பிடவில்லை. பாறை நிழலில் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் பட்டறையிலிருந்து மேஸ்திரி ஏறி வந்தார். வார்த்த பாலாடையெல்லாம் பலகையில் அப்படியே இருக்கிறது, வெளியூரிலிருந்து வந்தவர்கள் காத்துக் கிடக்கிறார்கள், ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்து பிறகு எவ்வளவு ஞானம் வேண்டுமானாலும் தேடிக்கொள்ளலாம் என்று கெஞ்சினார். தாணு மாட்டேன் என்றார். வேறு யாரையாவது வைத்துப் பெயர் சொல்லிக்கொள்ளட்டுமா என்று மேஸ்திரி கேட்டார். அது வழக்கமில்லையே என்றார் தாணு. வழக்கத்தை விடவும் அவருக்கு மனம் இல்லை, செய்யவும் மனம் இல்லை. மேஸ்திரி அம்மையைப் பார்த்தார். அம்மை பூசணிக்கொடியைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தாள். அவர் முனகிக்கொண்டே இறங்கிப் போனார்.

அவர் போன பிறகு அம்மை கேட்டாள், சடையனைப் பற்றி அத்தை வேறு எதுவும் சொல்லவில்லையா என்று.

தாணு யோசித்தார். ஒன்று இருக்கிறது, ஆனால் அதுவும் அவன் திமிரைத்தான் காட்டுகிறது என்றார். முதல் வெண்கலப் பாலாடை சடையன் வீட்டுப் பிள்ளைக்கு. இரண்டாவதை வார்த்ததும் அவன் அதை விற்கவில்லை. அடுத்த வீட்டுக்காரனுக்கும் அவனுக்கும் வரப்புத் தகராறு, ஜென்மப் பகை. அந்த வீட்டில் ஒரு குறைமாதப் பிள்ளை பிறந்திருந்தது. சடையன் பாலாடையைச் சுவருக்கு மேலாக அவர்கள் முற்றத்தில் விட்டெறிந்திருக்கிறான். எறிந்துவிட்டு ஒரு வசை.

"என்ன வசை?"

"'உன் பிள்ளை பிழைக்கணும்னு இல்லைடா. அது கத்துற கத்துல எனக்குத் தூக்கம் கெடுது'ன்னானாம். பாருங்க அம்மை, குடுக்கிறதைக்கூட ஒழுங்காக் குடுக்கத் தெரியாத ஜென்மம்."

அம்மைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கொடியை விட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். தாணு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்கு அடுத்த நாள் காலை ஒரு பெண் குன்றேறி வந்தாள். சின்ன வயது. பெற்று எழுந்த உடம்பு, வழியெல்லாம் நின்று நின்று வந்திருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. நெஞ்சோடு ஒரு துணிப்பொட்டலம். அது அசையவில்லை. அவள் குடிசைக்கு வெளியிலேயே நின்றாள்.

அம்மை பாயை விரித்து உட்காரச் சொன்னாள். அவள் உட்காரப் பயந்தாள். உட்கார்ந்தால் பிள்ளை விழித்துக்கொள்ளும் என்றாள். உடனே, விழித்தால் நல்லது என்றும் சொன்னாள். சொல்லும்போதே அவள் விரல் துணிக்குள் போய்ப் பிள்ளையின் மூக்கருகில் நின்றது. மூச்சு படுகிறதா என்று பார்க்கிற விரல். பட்டது போலிருக்கிறது. உட்கார்ந்தாள்.

பெயர் பேச்சி. கீழ்த்தெரு. பிள்ளை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. பெண். முலையில் வாயை வைத்தால் தூங்கிவிடுகிறது. துணித்திரியை நனைத்துச் சொட்டு விட்டுப் பார்த்தாளாம். பாதி கன்னத்தில் வழிந்துவிட்டது.

"அழுதுச்சுன்னா பயமா இருந்துச்சு அம்மை. நேத்துல இருந்து அழவே மாட்டேங்கா. அது அதைவிடப் பயமா இருக்கு."

அவள் இடுப்புச் செருகலிலிருந்து ஒரு பாலாடையை எடுத்தாள். புதுசு. இன்னும் மெருகு போடவில்லை, அரம் போட்ட தடம் அப்படியே இருந்தது. ஒரு சின்னக் கிண்ணத்தில் பீய்ச்சிய பாலை வாழையிலை போட்டு மூடிக் கொண்டுவந்திருந்தாள். இரண்டையும் தாணுவின் முன்னால் வைத்தாள்.

"பேரு சொல்லிக் குடுங்க பெரியய்யா."

தாணு பாலாடையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. இது பட்டறைப் பலகையில் இருக்க வேண்டியதாயிற்றே, பெயர் சொல்லாமல் வெளியே வராதே என்றார்.

வராதுதான் என்றாள் பேச்சி.

"பின்னே எப்படி வந்துச்சு?"

அவள் பிள்ளையின் துணியைச் சரி செய்தாள். சரியாக இருந்ததைக் கலைத்து மறுபடி சரி செய்தாள். "அவர் எடுத்தாந்தாரு. எல்லாரும் சாப்பிடப் போன நேரத்துல."

அவர் யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பேச்சியின் புருஷன் கொம்பையா. ஊரில் கோழி காணாமல் போனால் கோழியைத் தேட மாட்டார்கள், கொம்பையா வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்றுதான் போய்ப் பார்ப்பார்கள். தாணு எட்டிப் பார்த்தார். கீழே பாதை திரும்புகிற இடத்தில் ஒரு பாறைக்குப் பின்னால் ஒரு தலை தெரிந்து மறைந்தது.

"திருட்டுச் சாமானா," என்றார் தாணு.

"ஆமாய்யா. பேரு மட்டும் சொல்லிருங்க. அப்புறம் அவரை என்ன செய்யணுமோ செய்யுங்க."

தாணு எழுந்தார். திண்டாடினார். அவள் முகத்தைப் பார்க்காமல், பெயரெல்லாம் வெறும் பேச்சு, அந்தப் பெயருக்கு உரியவனே ஒரு திருடன், பெயர் சொல்லாமலே ஊற்றலாம், ஒன்றும் ஆகாது என்று படபடவென்று சொன்னார்.

பேச்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நீங்க ஊத்துங்கய்யா."

அவர் குனிந்து பாலாடையை எடுத்தார். கிண்ணத்திலிருந்து கொஞ்சம் பாலை அதில் சரித்தார். துணிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார். ஒரு மாங்கொட்டை அளவு முகம். உலர்ந்த உதடு. மூக்கு உதட்டருகே போயிற்று. அங்கேயே நின்றது. திரும்பி வந்துவிட்டது.

அவருக்கும் பயமாக இருந்தது.

"அம்மை," என்றார்.

அம்மை கையை நீட்டினாள். பேச்சி பிள்ளையைக் கொடுக்கத் தயங்கினாள், பிறகு கொடுத்தாள். அம்மை காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைத் தொடைமேல் கிடத்தித் தலையை முழங்கை மடிப்பில் உயர்த்தி வைத்துக்கொண்டாள். பாலாடையை வாங்கினாள். ஊற்றவில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டை எடுத்துப் பிள்ளையின் கீழுதட்டில் தடவிவிட்டு, நிமிர்ந்து தாணுவைப் பார்த்தாள்.

"இந்த மூக்கு ஏன் இவ்வளவு நீளம், பெரியவரே?"

இப்போதா இதைக் கேட்பது என்று இருந்தது தாணுவுக்கு. ஆனாலும் பதில் சொன்னார். "குட்டையா இருந்தா உதட்டோரம் வழிஞ்சிரும்."

"யார் பார்த்தது?"

"முதல்ல செஞ்சது குட்டை. வழிஞ்சிருக்கு."

"யாருக்கு?"

"சடையனோட மூத்த பிள்ளைக்கு. அதுவும் குறைமாசம். மயிலன் தங்கச்சி பிள்ளைக்குன்னு மண்ணுல செஞ்சு கொண்டாந்திருக்கான். வேளார் சொன்னாரு."

"நாக்கு எதுக்கு?"

"பால் மொத்தமா இறங்கி..." தாணு நிறுத்தினார். பேச்சியை ஒரு முறை பார்த்தார். "அந்த மண் பாலாடையில நாக்கு இல்லை. புரையேறிருச்சு."

"யாருக்கு?"

"அதே பிள்ளைக்கு."

"அந்தப் பிள்ளைக்கு என்ன பேரு?"

"பேரு வைக்கலை அம்மை." அவர் குரலைத் தாழ்த்தினார். "வைக்கிற வரைக்கும் அது இருக்கலை."

பேச்சியின் கை தானாக நீண்டு பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டது. அம்மை பாலாடையை அவளிடம் நீட்டி, மூக்குக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்க்கச் சொன்னாள். பேச்சி விட்டுப் பார்த்தாள். விரல் எதிலோ தட்டியது.

"இருக்கா?"

"இருக்கு."

"அதுல இல்லை. இதுல இருக்கு." சொல்லிவிட்டு அம்மை மறுபடி தாணுவிடம் திரும்பினாள். "அடுத்த பிள்ளை?"

"அதுவும் குறைமாசம்தான். இந்தத் தடவை உலகி யார் பேச்சையும் கேக்கலை. சுண்டுவிரலைப் பாலாடை மூக்குக்குள்ள விட்டு, விரல் மேலேயே பாலை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி ஊத்தியிருக்கா. மயிலன் அதைப் பார்த்து விரலுக்குப் பதிலா மண்ணுல நாக்கு வச்சான். மண் விளிம்பு பிள்ளை உதட்டைக் கிழிச்சுது. சடையன் அதைப் பார்த்து..."

"பார்த்து?"

"திருடி வெண்கலத்துல வார்த்தான். விளிம்பை உருட்டினான்."

"பிள்ளை?"

"குடிச்சுது. பிழைச்சுது."

"யார் அது?"

தாணு தலையைக் குனிந்துகொண்டார். "எங்க பாட்டனாரைப் பெத்தவரு."

பிள்ளை அசைந்தது. உதட்டில் தடவிய பாலைக் கண்டுகொண்டிருக்க வேண்டும். நாக்கு லேசாக வெளியே வந்து தேடியது. மேலே ஒன்றும் கிடைக்கவில்லை. முகம் சுருங்கியது. பிறகு ஒரு சத்தம் வந்தது, மிக மெல்லிய சத்தம், எங்கோ தூரத்தில் கிரீச்சென்று ஒரு கதவு திறந்தது போல.

பால் சுரந்து பேச்சியின் சேலை நெஞ்சுப் பக்கம் நனைந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அழுதுட்டா, அழுதுட்டா என்றாள்.

"இப்பச் சொல்லுங்க, பெரியவரே," என்றாள் அம்மை. "யார் தந்தது?"

தாணு பாலாடையைப் பேச்சியிடமிருந்து வாங்கினார். நெற்றிக்கு நேரே தூக்கினார். பழகிய கை, தானாகத் தூக்கியது. பழகிய வாய், தானாகத் திறந்தது. ஒன்றும் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். உலகி விரலால் தொடங்கி, அவள் அண்ணன் மயிலன் மண்ணால் வனைந்து, அவன் மைத்துனன் சடையன் அதை நியாயமில்லாமல் எடுத்து, ஆனாலும் விளிம்பை உருட்டி—

"பிள்ளைக்குப் பசிக்குது," என்றாள் அம்மை. "சுருக்கமா."

தாணு வாயை மூடினார். பாலாடையைக் கீழே இறக்கினார். அது வரை அவர் பாலாடையைப் பார்த்துத்தான் பெயர் சொல்லியிருக்கிறார். இப்போது குனிந்து பிள்ளையைப் பார்த்தார்.

"உனக்கு முன்னால அழுதவங்க தந்தது," என்றார். "குடி."

பேச்சி பாலாடையை வாங்கி அதில் பாலை நிரப்பினாள். அம்மை பிள்ளையை அவள் மடிக்கு மாற்றினாள். மூக்கின் நுனி உதட்டின் ஓரத்தில் படிந்தது. பால் நாக்கின் மேல் ஊர்ந்து வந்து நின்றது. திரண்டது. விழுந்தது.

பிள்ளை ஒன்றும் செய்யவில்லை.

கீழே பாறைக்குப் பின்னாலிருந்த தலை முழுவதுமாக வெளியே வந்துவிட்டது. பிள்ளையின் தொண்டைக்குழி ஒரு முறை ஏறி இறங்கியது. உதடு குவிந்து அடுத்ததைத் தேடியது. இரண்டாவது சொட்டு. தொண்டை இறங்கியது. மூன்றாவது சொட்டுக்குப் பிள்ளை பாதிக் கண்ணைத் திறந்து எல்லாரையும் பார்த்தது. இவ்வளவு நேரம் என்ன பண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்பது போல இருந்தது.

பாலாடை காலியானதும் பேச்சி பிள்ளையைத் தோளில் போட்டு முதுகை நீவினாள். அந்தச் சின்ன உடம்பிலிருந்து ஒரு பெரிய ஏப்பம் வந்தது. தாணு திடுக்கிட்டார்.

அதற்குள் கொம்பையா மேலே வந்திருந்தான். குடிசைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றான், மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. எறங்கிருச்சா என்று பெண்டாட்டியைக் கேட்டான். இறங்கிவிட்டது என்றாள். அவன் கண்ணைத் துடைத்த விதம், ஏதோ பூச்சி விழுந்துவிட்டது போல இருந்தது. பிறகு தாணுவிடம் வந்து, குடிக்கிற காலம் முடிந்ததும் பாலாடையை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடுவதாகச் சொன்னான். யாருக்கும் தெரியாமல் வைத்துவிட முடியும் என்றும் சேர்த்துக்கொண்டான், தைரியம் கொடுக்கிற மாதிரி.

பட்டறையில் தான் சொல்லிக்கொள்வதாகத் தாணு சொன்னார். அது பிள்ளையின் பாலாடை, அவளுக்குத் தம்பி தங்கை வந்தாலும் அதிலேயே குடிக்கட்டும் என்றார். இன்னொரு முறை பலகைப் பக்கம் கை நீண்டால் அந்தக் கையைத் தானே உலையில் வைப்பதாகவும் சொன்னார். கொம்பையா எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

போகத் திரும்பியவன் நின்றான். கேட்கலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் துண்டை முறுக்கினான்.

"பெரியய்யா, ஊரே பேசுது. சடையனும் திருடன்தானாமே. நெசமா?"

பேச்சி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். தாணு குனிந்து பாயைச் சுருட்ட ஆரம்பித்தார். பாய் சுருண்டு முடியும் வரை கொம்பையா காத்திருந்தான். பிறகு பிள்ளையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டான். கோழி பிடிக்கிற கை அது. சத்தம் காட்டாமல் வாங்கத் தெரிந்திருந்தது. பிள்ளை விழிக்கவில்லை. அவன் முன்னால் இறங்க, பேச்சி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினாள்.

தாணு துண்டை உதறித் தோளில் போட்டார். அவரும் இறங்க வேண்டும். பலகை நிறையப் பாலாடை காத்திருந்தது, இனி சொல்ல வேண்டிய வார்த்தை அவரிடம் இருந்தது. வேளாரும் இன்னும் வீட்டில்தான் இருந்தார். அத்தை அவரைப் போக விடவில்லை. அவருக்கும் அவளுக்கும் சடையனைத் திட்டுவதில் நல்ல பொருத்தம்.

ஆனாலும் அவர் நின்றார்.

"ஆவணியில பட்டறைப் பூசை வருது அம்மை. ஊர் கூடியிருக்கும். சடையன் கதையை நான்தான் சொல்லணும்."

"சொல்லுங்க."

"மயிலன் பேரைச் சொல்லப் போறேன். வேளாரைக் கூட்டிவந்து என் பக்கத்துல உக்கார வைக்கப் போறேன். உலகி பேரையும் சொல்லப் போறேன். பேரு வைக்காத பிள்ளையையும்."

"சொல்லத்தான் வேணும்."

"ஆனா சடையன் திருடினதை?" அவர் தயங்கினார். "செத்துப் போனவன். செஞ்சது நல்ல காரியம். விளக்கைத் திருடினது, மைத்துனனை ஏமாத்தினது, இதையெல்லாம் பிள்ளை குட்டிங்க முன்னால சொல்லணுமா? அதை மட்டும் விட்டுட்டுச் சொல்லவா?"

அம்மை பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொம்பையா சரிவில் இறங்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கல்லையும் காலால் அழுத்திப் பார்த்து, அது ஆடவில்லை என்று நிச்சயமான பிறகே அடுத்த காலை எடுத்து வைத்தான்.

"விட்டுராதீங்க, பெரியவரே," என்றாள். "இந்த வருஷம் கொம்பையா கதை கேக்க வருவான்."